மேடு ஏறும்போது மட்டும் சூடேறும் பழைய மோட்டார்ஹோம்

உங்கள் பழைய மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) சமதளத்தில் எஞ்சின் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறது, நிறுத்தினால் அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாக இருக்கலாம்.

முதலில் எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். எஞ்சின் சூடாக ஓடும்போது, ஃபேன் பக்கம் கை போகாமல், அகச்சிவப்பு வெப்பமானியால் அதன் முகப்பு முழுவதும் அளந்து பாருங்கள். நடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினால் இது சரியாகாது. கழற்றி உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். அப்புறம் ஃபேன் கிளட்ச், அதாவது எஞ்சின் சூடாகும்போது ஃபேனை வேகமாகச் சுழல வைக்கும் இணைப்பு. சூடான எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் மாற்றிவிடுங்கள். எஞ்சின் நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆகாதது, கார்ப்ரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பழைய வகைக் கருவி) உள்ள வண்டி என்பதால், பெரும்பாலும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவதால்தான். புகைக்குழாய்க்கு அருகே போகும் குழாயைத் தள்ளி வைத்து, வெப்பக்காப்பு உறை போடுங்கள். டேங்க் பக்கத்தில் மின்சாரப் பம்ப் வைப்பது இன்னும் நல்லது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும்படி இணைப்பு கட்டாயம்.

அதுவரை ஏற்றத்தில் முன்கூட்டியே கீழ் கியருக்கு வாருங்கள். முள் ஏறினால், எஞ்சின் சூட்டை வெளியேற்ற, வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே வேண்டாம்.