மூடிய புத்தகம், வெற்றுத்தாள்: கற்றல் பற்றிய கேள்வி–பதில்

கேள்வி: பாடத்தை நான்கைந்து தடவை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது. ஒரு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால் பாதிகூட வருவதில்லை. எங்கே தவறு?

பதில்: அந்த நான்கைந்து தடவையில்தான். கண்ணுக்குப் பழகிவிட்ட வரியை மனம் 'தெரிந்தது' கணக்கில் எழுதிவிடுகிறது. ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உரைப்பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள்.

ஆகவே இரண்டு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத்தாளில் ஐந்து நிமிடம், நினைவில் வருவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழையானதையும் வேறு நிற மையில் திருத்துங்கள். மறுநாள் மீண்டும் வாசித்துவிட்டுத் தொடங்காதீர்கள், வெற்றுத்தாளோடு தொடங்குங்கள். அடுத்து மூன்றாம் நாள், ஏழாம் நாள். இந்த நாள்கணக்கு வேதவாக்கு அல்ல, தேர்வு தள்ளியிருந்தால் இடைவெளியையும் கூட்டிக்கொள்ளலாம்.

பலர் சறுக்குவது, பத்து விநாடி நினைவு வராவிட்டால் உடனே புத்தகத்தைப் புரட்டுவதில். அந்தத் தவிப்புதான் பயிற்சியே. திருத்தும் வேலையைச் சோம்பலில் விட்டாலும் ஆபத்து, பிழையே பதிந்துவிடும். தாள் முழுக்கக் காலியாக இருந்தால் மனம் தளராமல் பகுதியை அரைப்பக்கமாகக் குறையுங்கள்.

கேள்வி: 'மாணவர்கள் அறிவைத் தாங்களே கட்டியெழுப்ப வேண்டும்' என்று ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்கள். அதனால் பின்னக் கூட்டலுக்கு வழி சொல்லாமல் அவர்களையே கண்டுபிடிக்க விடுகிறேன். பாதி வகுப்பு திகைத்து நிற்கிறது.

பதில்: கல்லும் மண்ணும் கொடுக்காமல் கட்டச் சொன்னால் திகைக்காமல் என்ன செய்வார்கள்? அறிவு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லும் கோட்பாடு அது. ஆசிரியர் வழிகாட்டக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை.

1980-களில் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிய விஷயங்களில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கைத்தான் மனம் தாங்கும். 2/3 + 1/4 என்ற கணக்கில் பொதுப் பகுதி தேடுவது, தொகுதியைப் பெருக்குவது, கூட்டுவது எல்லாம் புதிதென்றால் சுமை நிரம்பிவிடும்.

முதல் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்: 8/12 + 3/12 = 11/12. "இந்த 8 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு, மாணவரையே விளக்கச் சொல்லுங்கள். இதைத் தாண்டிப் போனால் மொத்த முறையும் வெறும் நகலெடுப்பு ஆகிவிடும். இரண்டாவது கணக்கில் கடைசிப் படியை மட்டும் காலியாக விடுங்கள். மூன்றாவதில் கடைசி இரண்டு படிகளை. நான்காவதில் வினா மட்டும்.

தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டி யாராவது 3/7 என்று விடை சொன்னால் உடனே அடித்துத் திருத்தாதீர்கள். நீங்கள் தேடிய கட்டியெழுப்பல் நடக்கிற இடமே அதுதான். "2/3 அரையைவிடப் பெரிதா, சிறிதா? 3/7?" என்று கேளுங்கள். கூட்டிய பிறகு விடை எப்படிச் சிறுத்தது என்று அவரே முரண்பாட்டில் முட்டிக்கொள்வார். ஏற்கெனவே முறை தெரிந்தவர்களிடம் மட்டும் போட்டுக் காட்டிய கணக்கைத் திணிக்க வேண்டாம், அவர்களுக்கு அதுவே சுமை. நேராக வினாவைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் பார்த்துக் கற்பவளா, கேட்டுக் கற்பவளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தெரிந்துகொள்ளத் தேவையில்லை. விருப்பம் ஆளுக்கு ஆள் மாறும், உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்துக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். வழியைப் பாடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இதயத்தில் ரத்தம் ஓடும் பாதைக்குப் படம் வேண்டும். லகர ளகர வேறுபாட்டுக்குக் காது வேண்டும்.