ஒரே படம், இரண்டு பிரதிகள்: ‘54’-ஐ எதில் பார்ப்பது?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு படம் சேர்ந்து பார்த்துப் பேசுகிறோம். அடுத்த முறை, நியூயார்க்கின் ‘ஸ்டூடியோ 54’ டிஸ்கோ விடுதியைப் பற்றிய ‘54’ படம். என்னிடம் உள்ள பிரதியில் நாயகனுக்கும் ஒரு டிவி நடிகைக்கும் காதல். இன்னொரு நண்பர் பார்த்ததில் அந்தக் காதலை ஏறக்குறைய காணோம், கதையே வேறு மாதிரி என்கிறார். எதைப் போடுவது? படத்தில் வருவதில் எவ்வளவு நிஜம்? பார்த்த பிறகு பேசுவதற்கு ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: உங்கள் பிரதியும் அசல், நண்பர் பார்த்ததும் அசல். ஒன்று 1998 ஆகஸ்ட் 28 அன்று தியேட்டருக்கு வந்தது. மற்றது 2015 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட டைரக்டர்ஸ் கட், அதாவது இயக்குநர் தான் நினைத்தபடி தொகுத்த பிரதி. ஒன்றைத்தான் போட முடியும் என்றால் தயங்காமல் 2015 பிரதியைப் போடுங்கள். அதுதான் நல்ல படம். அதைவிட முக்கியம், அந்த இடத்துக்கு உண்மையாக இருக்கும் படமும் அதுதான்.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க ஓடும் நேரத்தைப் பாருங்கள். தியேட்டரில் வந்தது சுமார் 93 நிமிடம். டைரக்டர்ஸ் கட் சுமார் 106 நிமிடம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய டிவிடி ‘பால்’ (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்காகச் செய்யப்பட்டதாக இருந்தால், நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படம் 25 பிரேமாக ஓடும். அதாவது 4 சதவீதம் சுருங்கிவிடும். அந்தக் கணக்கில் 93 நிமிடம் 89 ஆகும், 106 நிமிடம் 102-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். நிமிடத்தை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை என்றால் படத்துக்குள்ளேயே அடையாளம் இருக்கிறது. நாயகன் ஷேனும் அவனோடு வேலை செய்யும் கிரெக்கும் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி இருந்தால் அது 2015 பிரதி. தியேட்டர் பிரதியில் அது கிடையாது.

அந்த ஒரு காட்சி ஏன் இல்லை என்பதில்தான் இந்தப் படத்தின் கதையே இருக்கிறது. எழுதி இயக்கியவர் மார்க் கிறிஸ்டோபர். அவருடைய முதல் முழுநீளப் படம் இது. நியூஜெர்சியில் பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஷேன் (ரயன் ஃபிலிப்பி) ஆற்றுக்கு அக்கரையில் மின்னும் மன்ஹாட்டனுக்குப் போய், ஸ்டூடியோ 54-இல் கிளாஸ் பொறுக்கும் பஸ்பாய் ஆகிறான். அங்கே இன்னொரு பஸ்பாய் கிரெக் (பிரெக்கின் மேயர்), அவன் மனைவி அனிதா (சல்மா ஹயெக்) இருவரும் அவனைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். அனிதா, வருகிறவர்களின் கோட்டை வாங்கி வைக்கும் கவுன்டரில் நிற்பவள். பாடகி ஆக வேண்டும் என்பது அவள் கனவு. ஷேனுக்கு அந்த இருவர் மீதும் ஈர்ப்பு. மூவரும் ஒருவரை ஒருவர் விரும்புவதும் காயப்படுத்துவதும்தான் கிறிஸ்டோபர் எழுதிய கதை.

எடுத்து முடித்ததும், ரிலீஸுக்கு முன் நியூயார்க்கின் புறநகர்ப் பகுதியான லாங் ஐலண்டில் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முத்தக் காட்சி பிடிக்கவில்லை, இந்த மூவரையுமே பிடிக்கவில்லை என்று வந்தது. தயாரிப்பு நிறுவனமான மிராமாக்ஸ் படத்தை மாற்றச் சொன்னது. ரிலீஸ் நெருங்கிய நேரத்தில் ரீஷூட் நடந்தது. அப்போது நட்சத்திரமாகியிருந்த நெவ் கேம்ப்பெல்லின் டிவி நடிகை பாத்திரம் சின்னதிலிருந்து நாயகி அளவுக்கு வளர்ந்தது. முக்கோணம் போனது, புதிய முடிவு வந்தது. முதலில் எடுத்ததில் அரை மணி நேரத்துக்கும் மேல் வெட்டப்பட்டு, அந்த இடத்தைப் புதிதாக எடுத்தவை நிரப்பின.

வெட்டியது தெரியாமல் ஒட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தியேட்டர் பிரதியைக் கவனித்துப் பாருங்கள்: ஷேன், கிரெக், அனிதா மூவரும் ஒரு அறையில் இருக்கும்போது காற்று கனமாக இருக்கும். யாரோ யாரையோ பார்க்கிறார்கள், பார்வையை விலக்குகிறார்கள். ஏன் என்று புரியாது. நடிகர்கள் ஒரு கதைக்கு நடித்தார்கள், எடிட் இன்னொரு கதைக்கு நடந்தது. பார்வை மிஞ்சியது, காரணம் போய்விட்டது. நான் முதலில் இதைப் பார்த்தபோது நடிப்பு மந்தம் என்று நினைத்தேன். டைரக்டர்ஸ் கட் பார்த்த பிறகுதான் ஃபிலிப்பியிடம் நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சரி, நிஜத்துக்கு வருவோம்.

ஸ்டூடியோ 54, மன்ஹாட்டன் மேற்கு 54-ஆம் தெரு, 254-ஆம் எண் கட்டடம். 1927-இல் கேலோ ஆப்ரா ஹவுஸ் என்று கட்டப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் சிபிஎஸ் நிறுவனத்தின் ஒளிபரப்பு ஸ்டூடியோவாக இருந்தது. அந்தக் கடந்த காலம்தான் விடுதியின் பலம். மேடைத் திரையையும் செட்டையும் மேலே இழுக்கவும் கீழே இறக்கவும் கயிறும் கம்பியும் உள்ள நாடக அமைப்பு அப்படியே இருந்தது. ஜூல்ஸ் ஃபிஷர், பால் மரான்ட்ஸ் என்ற இரண்டு ஒளியமைப்பாளர்கள் அதைப் பயன்படுத்தி ஆடுகிறவர்களின் தலைக்கு மேல் விளக்குத் தூண்களை ஏற்றி இறக்கினார்கள். மேடையும் அதன் முன்னால் இருந்த தளமும் ஆடுகளம். பால்கனி இருக்கைகளை எடுக்கவில்லை. மேலே உட்கார்ந்து கீழே பார்க்கலாம். ஆடுகிறவர்கள் அனைவருமே மேடையில் நின்றார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது டொரன்டோவில்.

திறந்த நாள் 1977 ஏப்ரல் 26. உரிமையாளர்கள் இரண்டு பேர்: ஸ்டீவ் ரூபெல், இயன் ஷ்ரேகர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சந்தித்த நண்பர்கள். படத்தில் ஷ்ரேகர் என்ற பாத்திரமே கிடையாது! வரலாற்றைப் படம் செய்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். வாசலில் நின்று சிரித்தது ரூபெல். உள்ளே வடிவமைப்பையும் திட்டமிடலையும் பார்த்தது ஷ்ரேகர். ஒருவரை எடுத்துவிட்டதால், படத்தில் விடுதி முழுவதும் போதையில் தள்ளாடும் ஒரு தனி மனிதனின் விளையாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அதுவரை காமெடிக்கே பெயர் போன மைக் மையர்ஸ் ரூபெலாக நடித்திருப்பது அபாரம் என்பது வேறு விஷயம். பாசமும் பசியும் ஒரே முகத்தில் இருக்கும். இரண்டு பிரதியிலும் இதற்குக் குறை வராது.

வாசல் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தெருவில் கூட்டம் கையைத் தூக்கிக் கத்துகிறது. வெல்வெட் கயிற்றுக்கு உள்ளே நின்று ரூபெல் விரலை நீட்டித் தேர்வு செய்கிறார். ஷேனைப் பிடிக்கிறது, அவன் போட்டிருக்கும் சட்டை பிடிக்கவில்லை. ஷேன் சட்டையைக் கழற்றுகிறான். கயிறு விலகுகிறது. கூட வந்த நண்பர்கள் வெளியே நிற்கிறார்கள். அவன் உள்ளே போய்விடுகிறான். படம் முழுக்க அவன் கொடுக்கப்போகும் விலை இந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

அந்தக் கயிறு நிஜம். மார்க் பெனிக் என்ற இளைஞர்தான் பெரும்பாலும் வாசலைப் பார்த்துக்கொண்டார். பல நாள் ரூபெலே நின்றார். நல்ல சாலட் கலப்பதுபோல ஆட்களைக் கலக்கிறேன் என்பது அவர் சொல்லும் விளக்கம். பணமோ புகழோ மட்டும் போதாது. 1977 டிசம்பர் 31 இரவில், ‘ஷிக்’ இசைக்குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததால் வந்தார்கள். வாசலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய், அந்தக் கோபத்தில் வாசித்துப் பார்த்து, திட்டு வார்த்தையை வைத்து ஒரு பாட்டுப் போட்டார்கள். அந்த வார்த்தையை மாற்றி வெளியிட்டதுதான் 1978-இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன ‘லெ ஃப்ரீக்’. உள்ளே ஒலித்துக்கொண்டிருந்த இசையைச் செய்தவர்களுக்கே கதவு திறக்கவில்லை. உங்கள் உரையாடலை இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

வெள்ளைக் குதிரைக் கதையை யாராவது கட்டாயம் எடுப்பார்கள். 1977 மே மாதம், ராக் பாடகர் மிக் ஜாகரின் அப்போதைய மனைவி பியாங்கா ஜாகரின் பிறந்தநாளுக்கு அவர் குதிரையில் சவாரி செய்து உள்ளே வந்தார் என்று சொல்வார்கள். குதிரை உண்மை, புகைப்படம் உண்மை. ஆனால் குதிரை ஏற்கெனவே உள்ளே இருந்தது, தான் அதில் ஏறி உட்கார்ந்தது மட்டும்தான் நடந்தது என்று 2015-இல் ஒரு நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கியிருக்கிறார்.

படத்தில் டிஸ்கோ டாட்டி என்று ஒரு பாட்டி வருவார். இந்தப் பாத்திரத்துக்கு அடிப்படையாக நிஜத்திலும் ஒருவர் இருந்தார்; கணவரை இழந்த, சட்டம் படித்த, 70 வயதைத் தாண்டிய பெண். டிஸ்கோ சாலி என்று அழைத்தார்கள். படத்து டாட்டி ஆடுகளத்திலேயே இறந்துபோகிறார். நிஜ சாலிக்கு அப்படி நடக்கவில்லை. இந்த மாற்றம் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஒரு பெண் தினமும் ஆடப் போனதே போதுமான அதிசயம்.

பண விஷயத்தில் ஆண்டுகளைப் படத்தை நம்பிக் குறித்துக்கொள்ளாதீர்கள். நடந்த வரிசை இது: வருமான வரித்துறை 1978 டிசம்பர் 14 அன்று சோதனை போட்டது. குப்பைப் பைகளில் கட்டிய ரொக்கம் கட்டடத்துக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருந்தது. கணக்கில் காட்டாமல் எடுத்தது சுமார் 25 லட்சம் டாலர். 1979 நவம்பரில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 1980 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறை. அடுத்த மாதமே பிரியாவிடை விருந்து வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள். தண்டனை முடியும் முன்பே வெளியே வந்தார்கள். விடுதியின் உச்சம் மொத்தமே 33 மாதம்தான். ரூபெல் 1989 ஜூலையில், 45 வயதில், எய்ட்ஸ் தொடர்பான நோயில் இறந்தார். ஷ்ரேகர் ஹோட்டல் தொழிலில் பெரிய ஆளாகி, 2017 ஜனவரியில் அதிபர் ஒபாமாவிடம் மன்னிப்பும் பெற்றார்.

ரூபெல் ஓரினச்சேர்க்கையாளர். அதை வெளியே சொல்லாமலே வாழ்ந்தவர். டிஸ்கோ இசையே 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கறுப்பின, லத்தீன், ஓரினச்சேர்க்கையாளர் நடனக்கூடங்களில் வளர்ந்தது. டேவிட் மான்குஸோ தன் வீட்டு மாடியில் நடத்திய ‘தி லாஃப்ட்’ 1970-இல் தொடங்கியது. ஸ்டூடியோ 54 அந்த உலகத்தை எடுத்து நட்சத்திரங்களின் கேமரா வெளிச்சத்தில் நிறுத்தியது. அப்படி ஒரு இடத்தைப் பற்றிய படத்திலிருந்து இரண்டு ஆண்களின் முத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு டிவி நடிகையை வைப்பது வெறும் கத்தரி வேலை இல்லை. அந்த ஆடுகளத்தை உருவாக்கியவர்களை வாசலுக்கு வெளியே தள்ளுவது. அதனால்தான் 2015 பிரதியைப் போடச் சொல்கிறேன். அதிலும் குறைகள் உண்டு. அனிதாவின் கனவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஷேன் சில இடங்களில் எரிச்சல் மூட்டுவான்; அவன் அப்படிப்பட்டவன்தான், படம் அவனை வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறது.

போதைப் பழக்கமும் உடலுறவும் வெளிப்படையாக வருவதால் பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய படம். எட்டுப் பேரில் யாராவது பதின்வயதுப் பிள்ளையைக் கூட்டி வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேரம் இருந்தால் இப்படிச் செய்யலாம். முதலில் டைரக்டர்ஸ் கட்டை முழுதாகப் போடுங்கள். டீ குடித்துவிட்டு உட்கார்ந்ததும், எதுவும் சொல்லாமல், உங்களிடம் உள்ள தியேட்டர் பிரதியின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ஓட்டுங்கள். அது ரீஷூட்டில் வந்த முடிவு. ஷேன் குரலில் எல்லாம் இதமாகத் தீர்த்துவைக்கப்படும். இரண்டு முடிவுகளில் எதை ஷேன் சம்பாதித்தான் என்று கேளுங்கள். எங்கள் வட்டத்தில் அந்தக் கேள்விக்கே ஒன்றரை மணி நேரம் போனது.

உண்மைக் கதையை இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, மேட் டிர்னாவர் இயக்கி 2018-இல் வந்த ‘ஸ்டூடியோ 54’ ஆவணப்படம் இருக்கிறது. ‘54’-இல் காணாமல் போன ஷ்ரேகர் அதில் வாய் திறந்து பேசுகிறார். அதைக் கதைப்படத்துக்கு முன்னால் பார்க்க வேண்டாம், அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், படம் போடும் நாளுக்கு முன்பே ஸ்பீக்கரைச் சரிபார்த்துவிடுங்கள். அடித்தாளம் நெஞ்சில் விழாமல் இந்தப் படத்தைப் பார்த்தால் அந்தக் கூட்டம் ஏன் கயிற்றுக்கு வெளியே அப்படித் தவித்தது என்பது பிடிபடாது.