டூல் பாக்ஸ் ஃபோம் தட்டு வெட்ட எந்த லேசர் கட்டர் வாங்கலாம்? எப்படி செட் செய்வது?

கேள்வி இதுதான்: வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர் எல்லாம் அச்சாகப் பொருந்தி உட்காரும் ஃபோம் தட்டுகளைச் சின்னப் பட்டறையில் வெட்ட வேண்டும், எத்தனை வாட் லேசர் போதும்? கோவையில் நான் செய்வதும் இதே வேலைதான். வாட் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் வெட்டப்போவது எந்த ஃபோம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விற்கிறவருக்கு எல்லாமே ஃபோம்தான். லேசருக்கு அப்படி இல்லை.

ஈவிஏ ஷீட்டும் (செருப்பு அடிப்பாகத்துக்குப் போகும் ரப்பர் மாதிரி ஃபோம்) கிராஸ்லிங்க் பாலிஎத்திலீன் ஷீட்டும் லேசரில் அருமையாக வெட்டுப்படும். டூல் தட்டுக்கு இவைதான் சரி. பொருட்களைச் சுற்றி வரும் வெள்ளை ஈபிஈ ஃபோமும் வெட்டுப்படும், ஆனால் ஓரம் உருகிச் சுருங்கும். தெர்மகோல் வேண்டவே வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும், ஓரமும் குழிவிழும். அதற்குச் சூடான நைக்ரோம் கம்பி போதும். மெத்தை ஸ்பாஞ்ச், அதாவது பாலியூரித்தேன், வெட்டுப்படத்தான் செய்யும். ஆனால் அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டும் வரும். சின்னப் பட்டறையில் அதைத் தொடாதீர்கள்.

பிவிசி கலந்த எதையும் மெஷினுக்குள் விடக்கூடாது. விளம்பரப் பலகைக்குப் போகும் சன்போர்டு பிவிசிதான். ரெக்ஸின் ஒட்டிய ஃபோமிலும் மேல்தோல் பெரும்பாலும் பிவிசிதான். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஷீட் பார்வைக்கு ஈவிஏ மாதிரியே இருக்கும், ஆனால் அதில் பிவிசி கலப்பது வழக்கம். நியோப்ரீனிலும் குளோரின் உண்டு. இவற்றை எரித்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மெஷினின் தலை ஓடும் ரெயிலையும் லென்ஸையும் அரிக்கும். பக்கத்தில் நிற்கிறவரின் நுரையீரலையும் அது விடாது. மெஷினை மாற்றலாம், வேலை பார்க்கிற பையனின் நுரையீரலை மாற்ற முடியாது.

சந்தேகமான ஷீட்டுக்கு ஒரு சோதனை உண்டு. வெறும் செம்புக் கம்பியை (மேல் உறையை முழுக்க உரித்துவிடுங்கள், அந்த உறையே பிவிசிதான்) சுடரில் நிறம் எதுவும் வராமல் போகும் வரை நெருப்பில் காய்ச்சுங்கள். சூட்டோடு ஃபோமில் தொட்டு, கம்பியில் ஒட்டிய துளியோடு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் அந்த ஷீட்டை ஒதுக்கிவிடுங்கள். இதை வெளியில், காற்று போகிற இடத்தில் செய்யுங்கள்.

சரி, மெஷினுக்கு வருவோம். ஃபோமுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு லேசர்தான் ஏற்றது. (1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடித்த குமார் படேல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.) அதன் அலைநீளம் 10.6 மைக்ரான். கறுப்போ மஞ்சளோ வெள்ளையோ, எந்த நிற ஃபோமும் அதை உறிஞ்சிக்கொள்ளும். விலை குறைவான டையோடு லேசர்கள் பெரும்பாலும் நீல ஒளியில் வேலை செய்பவை. மெல்லிய கறுப்பு ஈவிஏ வெட்டும், வெள்ளை ஷீட் என்றால் திணறும். நம் வேலையில் இது முக்கியம். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள் என்று இரண்டு அடுக்கு ஒட்டினால்தான் ஒரு ஸ்பேனர் காணாமல் போனதும் குழியின் மஞ்சள் கண்ணில் படும்.

10 மி.மீ தடிமன் வரை வெட்ட 60 வாட் கண்ணாடி டியூப் (லேசர் உருவாவது இதற்குள்தான்) தாராளம். 20 மி.மீ அடிக்கடி வரும் என்றால் 80 வாட் எடுங்கள். அதற்கு மேல் வாட்டுக்குச் செலவழிப்பதைவிட லென்ஸைக் கவனியுங்கள். கூட வரும் 2 அங்குலக் குவியத் தூர லென்ஸில் கதிர் ஒரு புள்ளியில் கூர்மையாகக் குவிந்து உடனே விரிந்துவிடும். மெல்லிய ஷீட்டுக்கு அது சரி. தடிமனான ஷீட்டில் மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம் என்று குழி சரிந்து போகும். 4 அங்குல லென்ஸில் புள்ளி சற்றுப் பெரியது, ஆனால் கதிர் நெடுந்தூரம் ஒல்லியாகவே போகும். ஃபோகஸை ஷீட்டின் மேற்பரப்பில் வைக்காமல் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வையுங்கள், சுவர் நேராக வரும். 25 மி.மீ தாண்டினால் அதிரும் கத்தி வைத்த மெஷின்தான் நல்லது. ஒரே வடிவம் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் டை அடித்து பிரஸ்ஸில் வெட்டுங்கள், லேசரே தேவையில்லை.

சில்லர், அதாவது டியூப்பைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட்டும் பெட்டி, அந்த விஷயத்தில் நான் பிடிவாதமாகவே சொல்வேன். சிடபிள்யூ 3000 என்று மெஷினோடு தருவதில் கம்ப்ரசர் கிடையாது, ஃபேனும் ரேடியேட்டரும் மட்டும்தான். அறையின் வெப்பத்துக்குக் கீழே அது தண்ணீரைக் குளிர்விக்காது. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் டியூப்பின் ஆயுள் குறைந்துகொண்டே வரும். கம்ப்ரசர் உள்ள சிடபிள்யூ 5000 வாங்கி, 22 டிகிரி அளவில் வையுங்கள். மழைக்காலத்தில் டியூப்பின் மேல் ஈரம் பூத்தால் இரண்டு மூன்று டிகிரி ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த ஈரத்தோடு ஆன் செய்தால் உயர் மின்னழுத்தம் வெளியே பாயும். உள்ளே காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு அருமையாக இருந்தாலும் டியூப்புக்குள் விடாதீர்கள். போர் தண்ணீர் பற்றிப் பேசவே வேண்டாம். சில்லரை நிறுத்திவிட்டு லேசர் கதிர் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். வரக்கூடாது. வந்தால் தண்ணீர் ஓட்டம் பார்க்கும் சென்சாரை இணைக்கவில்லை என்று அர்த்தம்.

டியூப் சப்ளையில் 20,000 வோல்ட் அளவில் மின்சாரம் இருக்கிறது. மெஷினுக்குச் சரியான எர்த் போட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும், இது எலக்ட்ரீஷியன் வேலை.

புகைக்குழாயில் பலர் ப்ளோயரை மெஷின் பக்கத்திலேயே மாட்டுகிறார்கள். குழாயின் வெளி முனையில் மாட்டுங்கள். அப்போது குழாய் முழுக்க உறிஞ்சும் நிலையில் இருக்கும், எங்காவது ஓட்டை இருந்தாலும் அறைக் காற்று உள்ளே போகுமே தவிரப் புகை அறைக்குள் வராது. வளைவுகள் குறைவாக இருக்கட்டும், முனை கூரைக்கு மேலே, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருந்தால்தான் உறிஞ்சக் காற்று கிடைக்கும். ஈவிஏ வெட்டும்போது வினிகர் மாதிரி புளிப்பு வாசனை வரும், அது அசிட்டிக் அமிலம். அறையில் அந்த வாசனை அடித்தால் உங்கள் எக்ஸாஸ்ட் போதவில்லை.

செட்டிங்குக்கு எல்லோரும் ஒரு எண் கேட்பார்கள். அடுத்தவர் எண் உங்கள் டியூப்புக்குப் பொருந்தாது. பவரைப் பாதி அளவில் வைத்து வேகத்தை மட்டும் மாற்றி, சின்னச் சின்னச் சதுரங்கள் வெட்டுங்கள். மெஷினை ஓட்டும் லைட்பர்ன் சாஃப்ட்வேரில் இதற்கு மெட்டீரியல் டெஸ்ட் என்றே ஒரு வசதி இருக்கிறது. தட்டினால் தானே விழும் சதுரங்களில் எது வேகமானதோ அதுதான் உங்கள் செட்டிங். ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உலர்ந்து, மெல்லிய தோல் போலிருந்தால் சரி. பிசுபிசுத்தாலோ அடியில் நூல் நூலாகத் தொங்கினாலோ சூடு அதிகம். அப்போது மெதுவாக ஒரே ஓட்டத்தில் வெட்டாமல் வேகமாக இரண்டு ஓட்டம் விடுங்கள். மூலைகள் மட்டும் உருகினால் மினிமம் பவரைக் குறையுங்கள். திரும்பும் இடத்தில் தலை வேகம் குறைவதால் சூடு அங்கே தேங்குகிறது.

ஃபோமை வெர்னியரால் அழுத்தி அளக்காதீர்கள், அமுங்கித் தப்பாகக் காட்டும். ஸ்டீல் ஸ்கேல் மேல் வைத்துப் பாருங்கள். குழி கருவியைவிட அரை மி.மீ சிறியதாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். விரல் விட்டு எடுக்க அரைவட்டத் துளைகள் மறக்க வேண்டாம். உள் வடிவங்களை முதலில் வெட்டி, வெளிச் சுற்றைக் கடைசியில் வையுங்கள். ஷீட் நகராமலிருக்க நான்கு மூலையிலும் காந்தம் வைத்து, ஏர் அசிஸ்டை (வெட்டும் இடத்தில் ஊதும் காற்று) மிதமாக விடுங்கள். அது சுடரை அணைத்தால் போதும், துண்டுகளைப் பறக்கவிடக் கூடாது.

ஓடும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள். டீ குடிக்கப் போனாலும் நிறுத்திவிட்டுப் போங்கள். ஷீட்டை வைக்கும் தேன்கூட்டு பெட்டுக்கு அடியில் சேரும் ஃபோம் துணுக்குகளைத் தினமும் எடுங்கள், தீ பெரும்பாலும் அங்கேதான் பற்றும். கை எட்டும் தூரத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பான் இருக்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் சொந்த ஷீட்டை, உங்கள் தடிமனிலேயே, விற்பவரிடம் கொண்டுபோய் வெட்டச் சொல்லுங்கள். பெட்டின் நடுவில் ஒரு சதுரம், நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று, எல்லாம் ஒரே செட்டிங்கில். தூரத்து மூலையில் மட்டும் வெட்டு அடிவரை போகவில்லை என்றால் கதிரைத் திருப்பும் கண்ணாடிகள் சரியாக அலைன் ஆகவில்லை. அதை அங்கேயே சரிசெய்து காட்டச் சொல்லி, எப்படிச் செய்கிறார்கள் என்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மெஷின் லாரியில் உங்கள் பட்டறைக்கு வந்து இறங்கியதும் அந்த வேலையை நீங்களே இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.