அஜீரணத்துக்கு அவசரப் பிரிவில் எந்த மருந்தை முதலில் கொடுப்பார்கள்?

பேன்டாப்ரசோல் ஊசி போட்டு அரை மணி நேரமாகியும் தணியாத மாமனாரின் நெஞ்செரிச்சல், செவிலியர் கொடுத்த ஒரு மூடி ஜெலுசிலில் தணிந்துவிட்டதென்றும், அதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். மும்பையில் சயானுக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் செவிலியராக இருக்கிறேன். கொடுத்திருக்கலாம் என்பதே என் பதில்.

பேன்டாப்ரசோல், இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளை அடைக்கிறதே தவிர, ஏற்கெனவே சுரந்து தேங்கியிருக்கும் அமிலத்தை ஒன்றும் செய்வதில்லை. அதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். ஜெலுசில், டைஜீன் போன்றவற்றிலுள்ள அலுமினிய, மெக்னீசிய ஹைட்ராக்சைடுகளோ தேங்கிய அமிலத்தைச் சில நிமிடங்களிலேயே சமன்படுத்துகின்றன. ஆனால், வெறும் வயிற்றில் அந்த நிம்மதி ஒரு மணி நேரம் நீடித்தாலே அதிகம். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் பொருள் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் வேலை செய்வது, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபேமோடிடின். அதே வகையைச் சேர்ந்த ரானிடிடினை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் என்டிஎம்ஏ என்னும் மாசு காரணமாகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 ஏப்ரலில் கேட்டுக்கொண்டது.

சில இடங்களில் ஜெலுசில் போன்ற ஆன்டாசிடுடன் (அமிலத்தைச் சமன்படுத்தும் மருந்து), மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் கரைசலைக் கலந்து குடிக்கத் தருவார்கள். நாக்கும் தொண்டையும் மரத்துப்போவதைத் தவிர, ஆன்டாசிடை மட்டும் குடிப்பதைவிடப் பெரிய நன்மை அதில் இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. வாந்தி இருந்தால் ஆன்டன்செட்ரான் 4 மில்லிகிராம் போடுவோம். மெட்டோகுளோபிரமைடும் கேட்கும்தான், ஆனால் இளவயதினர் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பார்க்கிற குடும்பத்தார் வலிப்பு என்று நினைத்து அலறிவிடுவார்கள். முறுக்கி இழுக்கும் வலிக்கு டைசைக்ளோமின் உண்டு. எரிச்சலுக்கு அது மருந்தல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இசிஜி. தாராவியிலிருந்து நள்ளிரவில் வரும் நம்மவர்கள் பெரும்பாலும், "வெறும் கேஸ்தான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்றுதான் தொடங்குவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர், பிரியாணி சாப்பிட்டதையும் ஈனோ குடித்ததும் ஏப்பம் விட்டு வலி குறைந்ததையும் விவரித்தபடியே, சட்டையைக் கழற்ற மறுத்தார். அவருடைய உள்ளங்கை சில்லென்று நனைந்திருந்ததால் நான் விடவில்லை. இசிஜி தாளில் இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு ஏற்பட்டிருப்பது தெரிந்தது. ஆன்டாசிட் குடித்து வலி குறைந்தது என்பதை வைத்து இதயத்தில் கோளாறு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வயிற்று உபாதை போலவே வருவதுண்டு. வந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது இதனால்தான். உங்கள் மாமனாருக்கும் அதை எடுத்திருந்தார்கள் என்றால், மருந்தின் வரிசையை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை போக நேர்ந்தால், அவர் மூட்டு வலிக்கோ இதயத்துக்கோ விழுங்கும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் இரண்டுமே இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. மலம் தார் போலக் கறுத்திருந்தால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது உள்ளே இரத்தக் கசிவு இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், சிகிச்சையே வேறு பாதையில் போகும்.