குமரியின் உள்கிராமத்தில் நான்கு நாள்: எங்கே தங்குவது?

கேள்வி: சென்னையிலிருந்து எழுபது வயதுத் தாயாருடன் நான்கு நாள் விடுமுறைக்கு வருகிறோம். கன்னியாகுமரியின் நெரிசலைத் தவிர்த்து, உட்புறக் கிராமமொன்றில் தங்க விரும்புகிறோம். எந்தப் பகுதி ஏற்றது?

பதில்: திருவட்டாறு, குலசேகரம் வட்டாரத்தைப் பாருங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, பேச்சிப்பாறை அணை ஆகியவை அங்கிருந்து அரைநாளில் போய்த் திரும்பும் தொலைவில் உள்ளன. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சாலைகள் வளைந்து நெளிந்து செல்வதால், ஒரு வேளைக்கு ஓரிடம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

தாயாருக்கு மாத்தூர் ஒத்துவரும். 1966இல் கட்டப்பட்ட அந்தப் பாலம் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கால்வாய் நீரைக் கொண்டுசெல்கிறது; மேட்டுப்பக்க நுழைவில் இறங்கினால், படி ஏறாமலே நீரோடும் தொட்டியை ஒட்டி நடந்து, கீழே தென்னந்தோப்பைப் பார்த்து வரலாம். ஆற்றுக்கு இறங்கும் படிகளையும் சிதறால் சமணக் குன்றின் ஏற்றத்தையும் அவர் பொருட்டுத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டைப் படத்தில் மட்டும் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டாம். இங்கே பசுமை என்பது பெரும்பாலும் ரப்பர் தோட்டம்தான். பக்கத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் இடம் இருந்தால், அந்தப் புளித்த நாற்றம் நாள் முழுவதும் அறைக்குள் நிற்கும். பால் வடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் கொசு பெருகும். ஆகவே சன்னலுக்கு வலை உண்டா என்பதை முதலில் கேளுங்கள். சாப்பாடு வீட்டிலேயே கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்ச் சமையலும் பருமனான சம்பா அரிசிச் சோறும்தான். பழக்கமில்லாத பெரியவர்கள் முதல் நாள் சற்றுத் தடுமாறுவார்கள், ஆனால் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் வந்தபின் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. அணையில் நீர் திறக்கும் நாள்களில் திற்பரப்பில் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதால், அருவிக்காகவே வருவோர் அக்டோபர், நவம்பரைத் தவிர்க்கலாம். சனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிழலின்றி நிற்கும். என் தேர்வு ஆகஸ்ட், செப்டம்பர்.

சூரிய உதயம் பார்க்கக் குலசேகரத்திலிருந்து இருட்டில் வண்டியெடுத்துத் தாயாரை அலைக்கழிக்க வேண்டாம். கடைசி இரவுக்கு மட்டும் கன்னியாகுமரியில் அறை எடுங்கள். சென்னைக்கான ரயிலும் அங்கிருந்தே மாலையில் புறப்படுகிறது.