ஆட்டத்துக்கு விழுந்த ஓட்டு
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: இத்தாலியின் கடைசி மன்னருடைய பேரன் டி.வி. நடனப் போட்டியில் ஆடி முதல் பரிசு வாங்கினாராமே! அரச குடும்பத்தில் பிறந்தவருக்கு இது எதற்கு?

பதில்: வாங்கினார். அவர் பெயர் எமானுவேலே பிலிபெர்த்தோ, சவோய் வம்சத்தவர். இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய் 1-இல் மில்லி கார்லூச்சி நடத்தும் 'பல்லாந்தோ கொன் லெ ஸ்தெல்லெ' (நட்சத்திரங்களோடு நடனம் என்று பொருள்) நிகழ்ச்சியின் ஐந்தாவது பருவத்தில், 2009-இன் தொடக்கத்தில், நடாலியா தித்தோவா என்ற தொழில்முறை நடனக்காரரோடு ஜோடி சேர்ந்து ஆடி வென்றார்.

எதற்கு என்பதற்குப் பதில் அவருடைய பிறப்பிலேயே இருக்கிறது. 1972-இல் ஜெனீவாவில் பிறந்தவர். முப்பது வயது வரை தாத்தா ஆண்ட மண்ணில் கால் வைக்கச் சட்டம் விடவில்லை. அதனால் இத்தாலியர்களுக்கு அவர் செய்தித்தாள் வழியாக மட்டுமே தெரிந்த மனிதர். வந்த செய்திகளும் நல்லவையாக இல்லை. 2003-இல் குடும்பம் நேப்பிள்ஸுக்கு வந்தபோது வரவேற்பும் இருந்தது, எதிர்ப்புக் கோஷமும் இருந்தது. 2006-இல் தந்தை வித்தோரியோ எமானுவேலே ஒரு வழக்கில் கைதானார். பின்னால் விடுதலையானார் என்றாலும் கைதுப் படம்தான் மக்கள் மனதில் நின்றது. எல்லாவற்றையும் விட 2007 நவம்பரில் தந்தையும் மகனும் நாடுகடத்தலுக்கு இழப்பீடாக 26 கோடி யூரோ கேட்டதுதான் பெரும் கசப்பை உண்டாக்கியது. அரசு மறுத்ததோடு, நஷ்டஈடு கேட்க வேண்டியது நாங்கள்தான் என்கிற தொனியில் பதில் சொன்னது.

இப்படிப் பெயர் கெட்ட ஒருவர் பேட்டி கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வாராவாரம் எல்லோர் கண்முன்னும் தடுமாறி, நடுவரிடம் திட்டு வாங்கி, அடுத்த வாரம் கொஞ்சம் தேறி வந்து நின்றால் மனம் இளகும். வாரிசாகக் கிடைக்காத ஒன்றை உழைத்துச் சம்பாதிப்பதை மக்கள் நேரில் பார்க்கிறார்கள். அரச குடும்பத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான மேடை வேறு இல்லை என்பதே என் கருத்து.

கேள்வி: நாட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்ற தடை ஏன் வந்தது? எப்போது நீங்கியது?

பதில்: 1946 ஜூன் 2 அன்று மன்னராட்சியா, குடியரசா என்று வாக்கெடுப்பு நடந்தது. குடியரசுக்குச் சுமார் 1 கோடியே 27 லட்சம் வாக்குகள், மன்னராட்சிக்குச் சுமார் 1 கோடியே 7 லட்சம். சதவீதத்தில் 54-க்கு 46. மே 9-இல்தான் அரியணை ஏறியிருந்த இரண்டாம் உம்பெர்த்தோ ஜூன் 13-இல் போர்ச்சுகலுக்குக் கிளம்பினார். 'மே மாத மன்னர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு அப்படித்தான் நிலைத்தது.

வாக்கெடுப்பில் தோற்றது மட்டும் தடைக்குக் காரணம் இல்லை. உம்பெர்த்தோவின் தந்தை மூன்றாம் வித்தோரியோ எமானுவேலே முசோலினியை ஆட்சியில் அமர்த்தியவர், 1938-இல் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களில் கையெழுத்திட்டவர், 1943 செப்டம்பரில் ஜெர்மன் படை ரோமை நெருங்கியபோது தலைநகரைக் கைவிட்டு ஓடியவர். இந்தக் கோபத்தோடுதான் 1948 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 13-ஆவது இறுதி விதி எழுதப்பட்டது. சவோய் வம்சத்தார் வாக்களிக்கவோ பதவி வகிக்கவோ முடியாது. முன்னாள் மன்னர்களும் அவர்களுடைய மனைவியரும் ஆண் வாரிசுகளும் நாட்டுக்குள் நுழைய முடியாது. அவர்களுடைய சொத்து அரசுக்குச் சேரும்.

2002 அக்டோபரில் வந்த அரசியலமைப்புச் சட்டம் முதல் இரண்டு தடைகளையும் நீக்கியது. சொத்து பற்றிய பகுதி அப்படியே இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 23 அன்று குடும்பம் ரோமுக்கு வந்து இரண்டாம் ஜான் பால் போப்பைச் சந்தித்துச் சில மணி நேரத்தில் திரும்பியது.

கேள்வி: நடுவர்கள் குறைவாக மதிப்பெண் கொடுத்தும் சில பிரபலங்கள் வாரக்கணக்கில் வெளியேறாமல் இருக்கிறார்களே, என்ன கணக்கு இது?

பதில்: இந்த வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தாய், 2004-இல் பி.பி.சி. தொடங்கிய 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்'. நடுவர் மதிப்பெண்ணையும் மக்கள் வாக்கையும் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே மக்கள் பக்கம் சாய்ந்தவை.

ஒன்று தரவரிசை முறை, பிரிட்டனில் இதுதான். பத்து ஜோடிகள் என்றால் நடுவர் பட்டியலில் முதலில் வருபவருக்கு 10 புள்ளி, கடைசியில் வருபவருக்கு 1. மக்கள் வாக்குக்கும் இதே போல. நடுவரிடம் கடைசி, மக்களிடம் முதல் என்றால் 1 + 10 = 11. நடுவரிடம் முதல், மக்களிடம் கடைசி என்றால் 10 + 1 = 11. சமமானால் மக்கள் வாக்கில் முந்தியவரே மேலே. அதாவது மோசமாக ஆடியவர் தங்கி, நன்றாக ஆடியவர் ஆபத்தில் மாட்டுவார்.

இன்னொன்று விழுக்காட்டு முறை. அமெரிக்க நிகழ்ச்சி இதைப் பின்பற்றியது. பத்து ஜோடிகள் சேர்ந்து வாங்கிய மொத்தம் 300 என்று வையுங்கள். 40-க்கு 38 வாங்கியவரின் பங்கு 12.7 சதவீதம். 20 வாங்கியவரின் பங்கு 6.7. ஆட்டத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கணக்கில் வெறும் 6 புள்ளி. மக்கள் வாக்கோ ஒருவருக்கு 2 சதவீதம், இன்னொருவருக்கு 30 என்று பரவலாம். நடுவர் மதிப்பெண் நெருங்கி நிற்கும், மக்கள் வாக்கு சிதறி நிற்கும். சிதறி நிற்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். ஊரறிந்த குடும்பப் பெயரோடு வருபவருக்கு இது எவ்வளவு பெரிய முன்தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

தரவரிசை முறையில் ஓட்டையும் உண்டு. 2008 டிசம்பரில் பிரிட்டனின் அரையிறுதியில் மூன்று ஜோடிகள். இரண்டு பேர் நடுவரிடம் சமமாக முதலிடம்; ஆளுக்கு 3 புள்ளி. மூன்றாமவரான நடிகர் டாம் சேம்பர்ஸுக்கு 1. மக்கள் அவருக்கு முதலிடம் கொடுத்தாலும் 1 + 3 = 4. மற்ற இருவரில் பின்தங்கியவருக்கும் குறைந்தது 3 + 1 = 4 வந்துவிடும். மக்கள் என்ன செய்தாலும் கடைசி இருவரில் ஒருவராக அவர் நிற்பார். அந்த இருவரில் யார் வெளியேறுவது என்பதை முடிவு செய்வது நடுவர்கள்தான். பணம் கொடுத்துப் போட்ட வாக்குக்கு மதிப்பே இல்லை என்றாகிவிட்டதால், மூன்று ஜோடிகளையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பினார்கள். அதில் வென்றவர் அதே டாம் சேம்பர்ஸ்.

அமெரிக்காவில் 2018-இல் குறைந்த மதிப்பெண்களோடே வந்த வானொலித் தொகுப்பாளர் பாபி போன்ஸ் வென்ற பிறகு, 2019-இல் கடைசி இரண்டு ஜோடிகளில் யாரைக் காப்பாற்றுவது என்பதை நடுவர்களிடமே கொடுத்துவிட்டார்கள். அது சரியான திருத்தம்.

கேள்வி: நடனமே தெரியாதவர் இரண்டு மூன்று மாதத்தில் ஆடக் கற்க முடியுமா? எங்கே தடுக்கி விழுவார்கள்?

பதில்: ஆடக் கற்க முடியாது. ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒன்றரை நிமிட ஆட்டம் ஒன்றை மனப்பாடம் செய்து ஆட முடியும். இரண்டுக்கும் உள்ள தூரம் நடுவர் கண்ணுக்கு உடனே தெரியும்.

வால்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணிக்கைத் தாளம்; மூன்றும் சேர்ந்தது ஒரு தாளக்கட்டு. நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளக்கட்டு. முன்னே போகும் காலில் முதலில் குதிகால் பட வேண்டும். ஒன்றின் முடிவில்தான் உடல் மேலெழத் தொடங்கும். இரண்டு, மூன்றில் ஏறி, மூன்றின் முடிவில் தணியும். புதியவர்கள் ஒன்றிலேயே எம்பிவிடுவார்கள். அதோடு அலை போன்ற அசைவு போய், குதிப்பது போல் ஆகிவிடும். அடுத்த தவறு, தன் காலைத் தானே குனிந்து பார்ப்பது. தலை கனமான உறுப்பு. அது முன்னே சாய்ந்தால் எடை முழுவதும் ஜோடியின் மேல் விழும், முழங்கை தணியும், இருவரின் கைக்கட்டும் உடையும். நடுவர்கள் முதலில் வெட்டுவது இதற்குத்தான்.

லத்தீன் வகையைச் சேர்ந்த ரும்பா வேறு சங்கடம். நான்கு எண்ணிக்கை, அடி விழ வேண்டியது இரண்டு, மூன்று, நான்கில். நான்கில் வைத்த காலின் மேல் எடை இறங்கி, அடுத்த ஒன்று முழுவதும் இடுப்பு அடங்கி நிற்க வேண்டும். பழக்கமில்லாதவர் காது ஒன்றைத்தான் தேடும். ஒன்றிலேயே அடி வைத்துவிடுவார். அப்புறம் பாட்டு முடியும் வரை தாளம் தப்பியே போகும். இடுப்பை வேண்டுமென்றே ஆட்டுவதும் தவறு. முழங்கால் நேராகி எடை மாறும்போது இடுப்பு தானாக நகரும்.

சிறு வயதிலிருந்தே நிமிர்ந்து நிற்கப் பழகியவருக்கு வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் கைகொடுக்கும். முதுகெலும்பு ஏற்கெனவே தயார். நிமிடத்துக்கு 42 முதல் 44 தாளக்கட்டு ஓடும் ஜைவ் வந்தால் அதே விறைப்பு எதிரியாகிவிடும். அங்கே உதை முழங்காலிலிருந்து சொடுக்கென்று வர வேண்டும், மேலுடல் தளர்ந்திருக்க வேண்டும்.

காலணியைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்களுக்கு வால்ட்ஸ் வகைக்கு ஓர் அங்குலக் குதிகால், லத்தீன் வகைக்கு ஒன்றரை அங்குலம். அடிப்பாகம் மெல்லிய ரோமமுள்ள ஸ்வேட் தோல். ஆட ஆட அந்த ரோமம் படிந்து பளபளத்து வழுக்கும். கம்பித் தூரிகையால் கீறி நிமிர்த்திய பிறகே மேடை ஏற வேண்டும். பாதத்தைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அரசியல்வாதி டாம் டிலே உதாரணம்: 2009-இல் இரு பாதங்களிலும் எலும்பு கீறல் விட்டு, அமெரிக்க நடன நிகழ்ச்சியிலிருந்து பாதியில் விலகினார்.

கேள்வி: எமானுவேலே பிலிபெர்த்தோ நடனத்தில் வென்றபின் அரசியலில் எடுபட்டாரா?

பதில்: இல்லை. வென்ற சில மாதங்களில், 2009 ஜூன் 6, 7 தேதிகளில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். மையக் கிறிஸ்தவக் கட்சியான யு.டி.சி. பட்டியலில் வடமேற்குத் தொகுதியில் நின்றார். சவோய் வம்சத்தின் சொந்தப் பூமியான பியெமோந்தே இந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது. நாடு பூராவும் முகம் தெரியும், பூர்வீக மண் வேறு. ஆனாலும் தேர்வாகவில்லை.

காரணம் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. அந்தத் தேர்தலில் முதலில் கட்சிச் சின்னத்தில் குறியிட வேண்டும். பிறகு, விரும்பினால், அதே பட்டியலில் உள்ள வேட்பாளரின் பெயரைச் சாவடியில் தரும் பென்சிலால் தன் கையாலேயே எழுத வேண்டும். நடனப் போட்டிக்கு வாக்களிப்பவர் எதையும் இழப்பதில்லை. போன் எடுத்து எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் அன்பு காட்டலாம். தேர்தலில் அவர் பெயரை எழுத, தன் கட்சியை விட்டு அவருடைய கட்சிக்கு வர வேண்டும். அந்த அளவுக்கு அன்பு எட்டவில்லை. 2008 பொதுத்தேர்தலில், வெளிநாடு வாழ் இத்தாலியருக்கான தொகுதியில் சொந்தப் பட்டியலோடு நின்றும் அவர் தோற்றிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நடனம் அவரை வெறுப்பிலிருந்து மீட்டது. நம்பிக்கையை அது தரவில்லை, தரவும் முடியாது.

கேள்வி: அரச வம்சத்தவர் வாக்கு வாங்கி ஆட்சிக்கே வந்த கதை உண்டா?

பதில்: உண்டு. பல்கேரியாவின் இரண்டாம் சிமியோன். ஆறு வயதில் மன்னர், ஒன்பது வயதில் நாடுகடத்தல், 1996-இல் முதல் வருகை. 2001-இல் கட்சி தொடங்கிச் சில வாரங்களிலேயே 240 இடங்களில் 120 பிடித்துப் பிரதமரானார். 2005 வரை ஆண்டார். ஆஸ்திரியாவின் கார்ல் ஹாப்ஸ்பர்க் 1990-களின் தொடக்கத்தில் டி.வி.யில் வினாடி வினா நடத்தினார், 1996-இல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கட்சி இருந்தது. அதே அவையில் 1979 முதல் 20 ஆண்டுகள் இருந்தவர் அவருடைய தந்தை ஓட்டோ. டி.வி. முகம் அவர்களுக்குக் கூடுதல் வசதி, அவ்வளவே.

கேள்வி: இத்தாலியில் 'இளவரசர்' என்ற பட்டத்துக்குச் சட்ட மதிப்பு இருக்கிறதா? மக்கள் விரும்பினால் மன்னராட்சி திரும்புமா?

பதில்: இரண்டுக்கும் பதில், இல்லை. பிரபுப் பட்டங்களை 14-ஆவது இறுதி விதி அங்கீகரிக்கவில்லை. தொகுப்பாளர் அப்படி அழைப்பது மரியாதைக்காக. குடியரசு வடிவத்தைத் திருத்தவே கூடாது என்கிறது 139-ஆவது பிரிவு.

கேள்வி: எமானுவேலே பிலிபெர்த்தோ பாடவும் செய்தாராமே? இசைக்கலைஞர்கள் கோபப்பட்டது ஏன்?

பதில்: 2010 பிப்ரவரியில் சான்ரெமோ பாட்டு விழா. பூப்போ என்ற பாடகரோடும் லூக்கா கானோனிச்சி என்ற ஓபரா பாடகரோடும் சேர்ந்து தேசப்பற்றுப் பாட்டு ஒன்றைப் பாடினார். இறுதி மூவரில் அவர்கள் பெயர் வந்ததும், வாத்தியக் குழுவினர் இசைக்குறிப்புத் தாள்களைக் கசக்கி மேடையில் வீசினார்கள். கடைசியில் இரண்டாம் இடம். நடனத்தில் அவர் கற்றுக்கொள்ள வந்தவர். தவறினால் ரசிகர் மன்னிப்பார். சான்ரெமோவில் பாடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் இடத்தில் போய் நின்றார். வாத்தியக்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

பதில்: 2016-இல் லாஸ் ஏஞ்சலஸில் வண்டியில் பாஸ்தா விற்கும் தொழில் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் தந்தை இறந்தபின் குடும்பத் தலைமை தன்னுடையது என்கிறார். சவோய் வம்சத்தின் இன்னொரு கிளையான அவோஸ்தா கிளையினர் அதை ஏற்பதில்லை. 1946 முதல் இத்தாலிய வங்கியின் பெட்டகத்தில் இருக்கும் அரச நகைகளைக் கேட்டுக் குடும்பம் வழக்கும் போட்டது.

இவற்றையெல்லாம் விட எடை கூடியது 2021 ஜனவரியில் இத்தாலிய யூதர்களுக்கு அவர் எழுதிய கடிதம். கொள்ளுத்தாத்தா 1938-இல் இட்ட கையெழுத்துக்காக வம்சத்தின் பெயரால் அதில் மன்னிப்புக் கேட்டார். யூத சமூகத்திலிருந்து வந்த பதில் இறுக்கமாகவே இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடு திரும்பி 18 ஆண்டுகள் ஆன பிறகு வந்த கடிதம் அது. 2002-இல் ரோமில் வந்து இறங்கிய அன்றே அதை எழுதியிருக்க வேண்டும்.