வெப்பம் மீட்கும் காற்றோட்ட அமைப்பு: குழாய் வேலை குறித்த கேள்வி பதில்

வெளியே போகும் பழைய காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றித் தரும் அமைப்பு இது. ஃபேனும் வெப்பமாற்றியும் ஒரு பெட்டிக்குள் இருக்கும், அங்கிருந்து அறைகளுக்குக் குழாய் போகும். குழாய் போடுவது பற்றி மட்டும் கேளுங்கள். எந்தப் பெட்டி வாங்கலாம் என்பதற்கு இங்கே பதில் கிடையாது. நல்ல பெட்டியையும் மோசமான குழாய் கெடுத்துவிடும்.

கேள்வி: எந்த அறைக்குப் புதுக்காற்று, எந்த அறையிலிருந்து பழைய காற்று?

படுக்கையறைக்கும் கூடத்துக்கும் புதுக்காற்று. சமையலறை, குளியலறை, கழிப்பறையிலிருந்து பழைய காற்று. நடுவில் காற்று நகரக் கதவுக்கு அடியில் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். தரைவிரிப்பு போட்ட பிறகு அளந்து பாருங்கள்.

கேள்வி: உத்தரங்களுக்கு இடையே 125 மி.மீ. பிரதானக் குழாய் நுழையவில்லை. 100 போட்டால் போதாதா?

போதாது. 25 மி.மீ.தானே என்று தோன்றும், ஆனால் உள்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. மணிக்கு 120 கனமீட்டர் காற்று 125-இல் நொடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் போகும், 100-இல் 4.2 மீட்டர். உரசலால் வரும் அழுத்த இழப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட ஃபேன் வேகமாகச் சுற்றும், மின்சாரம் கூடும், இரவில் படுக்கையறையில் இரைச்சல் கேட்கும். தூக்கம் கெடுகிறதென்று யாராவது வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்புறம் ஈரம் வெளியேறாமல் ஜன்னல் ஓரம் பூஞ்சை பிடிக்கும். அதே கொள்ளளவுள்ள தட்டைக் குழாய் போடுங்கள். இல்லையென்றால் முன்னாலேயே பிரித்து 75 மி.மீ. குழாய்களாகக் கொண்டுபோங்கள், ஒன்றுக்கு மணிக்கு 30 கனமீட்டர் என்று கணக்கு வையுங்கள்.

கேள்வி: அடுப்புக்கு மேலுள்ள சிம்னியை இதே குழாயில் சேர்க்கலாமா?

கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு குழாயிலும் வெப்பமாற்றியிலும் படியும்; தீப்பிடிக்கவும் வழியாகும். சிம்னிக்குத் தனி வழி. சமையலறையில் நாம் வைக்கும் உறிஞ்சு வால்வையும் (அறையில் திறக்கும் குழாய்வாயில் பொருத்தும், திருப்பி அளவை மாற்றும் மூடி) அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள்.

கேள்வி: கூரையில் ஈரக்கறை. கூரைக்கு மேலே தண்ணீர்க் குழாய் எதுவுமே இல்லை.

வெளிச்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே போகும் இரண்டு குழாய்களைப் பாருங்கள். குளிர்காலத்தில் அவற்றுக்குள் குளிர்ந்த காற்று. சுற்றிலும் வீட்டின் வெதுவெதுப்பான, ஈரமான காற்று. ஈரம் புகாத இன்சுலேஷன் இல்லையென்றால் வெளிப்பக்கம் வேர்க்கும். பெரும்பாலும் கிளாம்ப் இருக்கும் இடத்தில்தான் ஆரம்பிக்கும்: இன்சுலேஷனை வெட்டி உலோகத்தோடு உலோகமாக இறுக்கியிருப்பார்கள், அந்த வளையத்தில் துளித்துளியாகச் சேர்ந்து கீழே பழுப்பு வட்டம் விழும். கிளாம்ப் இன்சுலேஷனுக்கு வெளியே வர வேண்டும், நசுக்காமல். பெட்டியைக் குளிரான பரணில் வைத்தால், அறைகளுக்குப் போகும் குழாய்களுக்கும் இன்சுலேஷன் கட்டாயம்.

கேள்வி: தகரக் குழாய்தான் சரி, பிளாஸ்டிக் நெளிகுழாய் ஏமாற்று வேலை என்கிறார் எங்கள் மேஸ்திரி.

இரண்டுமே சரிதான். தகரத்தில் உள்பக்கம் வழுவழுப்பு, இழப்பு குறைவு. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் கசியக்கூடிய இடம். பகிர்வுப் பெட்டியிலிருந்து (பிரதானக் குழாய்க் காற்றை அறைக் குழாய்களுக்குப் பிரிக்கும் பெட்டி) அறைக்கு ஒன்று வீதம் போகும் 75 மி.மீ. நெளிகுழாயில் நடுவே இணைப்பே கிடையாது, வெளியே நெளிவு இருந்தாலும் உள்ளே வழுவழுப்புதான். ஒரு அறைப் பேச்சு அடுத்த அறையில் கேட்பதும் குறைவு.

மறுப்பு: தகரக் குழாயில் பேச்சு கேட்கும் என்பது கட்டுக்கதை. பல வருடமாகப் போடுகிறேன், ஒரு புகார் வந்ததில்லை.

கிளைக்குக் கிளை ஒலித்தடுப்பான் வைத்திருப்பீர்கள். அது நல்ல வேலை. அது இல்லாமல் ஒரே நேர்குழாயில் எதிரெதிராக இரண்டு படுக்கையறைகளை இணைத்த வீட்டில் கதவை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

மறுப்பு: சரி, நெளிகுழாயைச் சுத்தம் செய்வது எப்படி?

பகிர்வுப் பெட்டியிலிருந்து பிரஷ் விட்டுத்தான். அதனால்தான் வளைவுகளை அகலமாகப் போடச் சொல்கிறேன். தகரத்திலும் உள்ளே நீட்டிய ஸ்க்ரூ முனைகளில் தூசி பிடிக்கிறது, அதையும் யோசியுங்கள். இரண்டு தரப்பும் ஒன்றை மறக்கிறீர்கள்: சுவர் தேய்க்கும்போது திறந்து கிடக்கும் குழாய்வாய். முதல் நாளே மூடியைப் போடுங்கள்.

கேள்வி: இணைப்புக்குத் துணி டேப் போதுமா?

போதாது. 1998-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சோதித்துப் பார்த்ததில் சூட்டில் பசை விட்டுப்போனது அந்தத் துணி டேப்தான். ரப்பர் வளையமுள்ள இணைப்பு, மாஸ்டிக் (இணைப்பில் பூசும் அடைப்புப் பசை) அல்லது அலுமினிய டேப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் சிம்னி சின்னது, கிரீஸ் பில்டரும் உண்டு. சேர்க்கலாமா?

மேலே படியுங்கள். கூடாது.

கேள்வி: துணி உலர்த்தும் இயந்திரம்?

கூடாது. பஞ்சு அடைக்கும். இனி வேறெதையும் இந்தக் குழாயில் சேர்க்கக் கேட்காதீர்கள்.

கேள்வி: மிச்சமிருக்கும் சுருள் குழாயை (இழுத்தால் நீளும் மெல்லிய குழாய்) வைத்தே முழு வீட்டையும் முடிக்கலாமா?

வால்வுக்கு முன் கடைசி அரை மீட்டர் மட்டும், நன்றாக இழுத்து.

கேள்வி: எல்லாம் போட்டாயிற்று. வால்வுகளை எவ்வளவு திறப்பது?

கண்ணால் முடிவு செய்ய முடியாது. காற்று அளக்கும் கருவியை ஒவ்வொரு வால்விலும் வைத்து, வடிவமைப்பில் எழுதிய அளவு வரும்வரை திருப்புங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றவை மாறும், அதனால் இன்னொரு சுற்று வேண்டியிருக்கும். மொத்தமாக உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக வந்ததும் நட்டை இறுக்கி, அளவுகளைப் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டுங்கள். அளப்பதற்கு முன்னால் பில்டரை மாற்றிவிடுங்கள், கட்டட வேலையின்போது இருந்தது அடைத்திருக்கும்.